இப்பவே ஆராய்ச்சியில சேரலாமா? எங்க குடும்ப குரூப்ல நடந்த பேச்சு

கோமதி: செல்விக்கா, எங்க விலங்கியல் சார் குளத்துப் பறவைகள்ல ஆராய்ச்சி செய்யுதாவ. கூட வாரியான்னு கேட்டாவ. நான் ஃபர்ஸ்ட் இயர்தானே? இப்பவே சேரவா, தேர்ட் இயர் புராஜெக்ட் வரட்டும்னு இருக்கவா?

சங்கரன் மாமா: முதல்ல மார்க்க எடுக்கட்டும். ஆராய்ச்சில்லாம் எம்எஸ்சிக்குப் பொறவு பாத்துக்கிடலாம்.

செல்வி: மார்க்கு வேண்டாம்னு சொல்லல மாமா. ஆனா தேர்ட் இயர்ல நேரமே கிடைக்காது. பிப்ரவரில எம்எஸ்சி சேர எழுதுத ஜாம் பரீட்சை, கூடவே காலேஜ் புராஜெக்ட். அப்போ போயி புதுசா ஒரு வேலையத் தொட்டா, தப்பு வந்தா திருத்த நாள் இருக்காது.

செல்வி: முழுசா இறங்க செகண்ட் இயர்தான் சரி. அது முடிஞ்சு வார கோடை லீவுக்கு பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்க மூணு அறிவியல் அகாடமியும் சேந்து ரெண்டு மாச ஃபெல்லோஷிப் தாராவ. விஞ்ஞானி ஒருத்தர் கூட இருந்து வேலை பழகலாம். அதுக்கு வாத்தியார் லெட்டர் வேணும். உன் வேலையப் பாக்காத வாத்தியார் என்னத்தட்டி எழுதுவாவ?

பார்வதி (அம்மா): அப்போ இந்த வருசம் சும்மா இருக்கட்டுமா செல்வி?

செல்வி: இல்ல சித்தி, இந்த வருசம் பழகட்டும். ஜனவரில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். மணிமுத்தாறுல இருக்க அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011லருந்து நடத்துது. காலேஜ் பிள்ளையளும் போகலாம்.

செல்வி: நான் போனப்போ நாமக்கோழிக் கூட்டத்த எண்ணச் சொன்னாவ. ஒண்ணொண்ணா எண்ண முடியாது. முதல்ல பத்த எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்த அடைக்குன்னு கண்ணுல பதிச்சிக்கிட்டு, அதே அளவுல கூட்டம் முழுக்க அளந்துக்கிட்டே போணும். பாதில பறந்துட்டா திரும்ப முதல்லருந்து. குளம் வத்திக் கிடந்து ஒரு பறவை இல்லன்னாலும் அதையும் நோட்டுல எழுதணும். அடுத்த வருசம் ஒப்பிட அந்தப் பூஜ்ஜியமும் வேணும்.

கோமதி: கிளாஸ்ல சில பேரு காசு கட்டி இன்டர்ன்ஷிப் சேருதாவக்கா. ஒரு வாரத்துல சர்ட்டிபிகேட்டாம்.

செல்வி: அது வேண்டாம்ட்டி. பேப்பர் கிடைக்கும், வேலை தெரியாது. உங்க சார்ட்ட போயி, வாரத்துல ஒரு மத்தியானம் வாரேன், சின்ன வேலை குடுங்கன்னு கேளு. நோட்டுல உள்ளத கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னாலும் மனசாரச் செய்யி, அவங்க எத எப்படிக் குறிக்காவன்னு அதுலதான் தெரியும். செமஸ்டர் நேரத்துல வர முடியாதுன்னு முதல்லயே சொல்லிரு. அரியர் விழுந்தா அத முடிச்சிட்டுத்தான் மத்தது.

சங்கரன் மாமா: வாரத்துல ஒரு மத்தியானம்னா படிப்பு கெடாது. போயிட்டு வரட்டும்.

பார்வதி (அம்மா): குளத்துக்கரைல தனியா நிக்கணுமோ?

செல்வி: தனியா விட மாட்டாவ சித்தி. குழுகுழுவாத்தான் போவாவ, பறவை தெரிஞ்சவங்க கூட இருப்பாவ.

முருகேசன் (அப்பா): காலைல எத்தன மணிக்கு?

செல்வி: வெயில் ஏறுமுன்ன நிக்கணும் சித்தப்பா.

முருகேசன் (அப்பா): நான் பைக்ல கொண்டு விடுதேன். எந்தக் குளம்னு மட்டும் முந்துன நாளே சொல்லிரு.

கோமதி: சரிப்பா. நாளைக்கு மத்தியானம் சாரப் பாக்கேன்.