தென்னாப்பிரிக்காவின் டர்பன் பிளேஹவுஸ்: உள்ளே போன அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

ஸ்மித் தெருவில் (இப்போது ஆன்டன் லெம்பேடே தெரு) சிட்டி ஹாலுக்கு எதிரே, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் ஓடும் அந்த ட்யூடர் பாணிக் கட்டடம் 1935இல் சினிமா கொட்டகையாகத் திறந்தது. சின்ன வயதில் அந்தப் பக்கம் போனால் வேடிக்கை பார்த்து நின்றுவிடுவேன். "அது வெள்ளைக்காரங்களுக்கு, நட" என்பார் அப்பா. பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்க நிறவெறி அரசு 1953இல் கொண்டுவந்த தனி வசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டுக்கு முழுக் காவல் கொடுத்தது. இந்தியர்களான நமக்கு விக்டோரியா தெருவில் அவலான் கொட்டகை, கிரே தெருவில் ஷா ஜஹான் கொட்டகை. தமிழ்ப் படம் வந்தால் குடும்பமே பட்டுடுத்திப் பயாஸ்கோப்புக்குக் கிளம்பும். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.

1920களில் கட்டிய பக்கத்துப் பிரின்ஸ் தியேட்டரையும் சேர்த்துப் புதுப்பித்து, 1986இல் நாடகம், இசை, நடனத்துக்கான வளாகமாகத் திறந்தார்கள். அப்போது நாமும் போகலாம். அப்பா மறுத்துவிட்டார். "இத்தனை வருஷம் வாசலை மூடி வச்சவங்க வீட்ல எனக்கென்ன வேலை?" கடைசிவரை போகவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

நான் போனது நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்கு அப்புறம். பெரிய அரங்கில் நிமிர்ந்து பார்த்தால் இராவானம். குட்டிக் குட்டி விளக்குகள் நட்சத்திரமாக மினுங்குகின்றன. பக்கச் சுவர்களில் இங்கிலாந்துக் கிராமத்து வீடுகள், சரிந்த கூரை, சன்னல். படம் பார்க்க வந்தவர்களுக்குத் திறந்தவெளியில் இருப்பதாகத் தோன்றவேண்டும் என்று 1930களில் செய்த வேலை. புதுப்பித்தவர்கள் இதை வழித்தெறியாமல் காப்பாற்றியது பெரிய காரியம். நம் கொட்டகைகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமையும் எனக்கு உண்டு.

* * *

ஐயா, நான் அந்த மேடையில் பரதம் ஆடியிருக்கிறேன். ஆடும்போது விளக்கு முகத்தில் அடிக்கும், நட்சத்திரம் எதுவும் தெரியாது. ஒத்திகையில்தான் ஆசைதீரப் பார்த்தேன். என் ஆயாவும் (பாட்டி) அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நிகழ்ச்சி முடியும்வரை டிக்கெட்டைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார். பையில் வையுங்கள் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. யாராவது வந்து எழுப்பினால் காட்டவேண்டுமாம். வீட்டுக்கு வந்தபோது அந்தச் சீட்டு வியர்வையில் நைந்திருந்தது.

உங்கள் அப்பா போகாததும் என் ஆயா போனதும், இரண்டுமே எனக்குப் புரிகிறது.

* * *

நன்றி அம்மா. அவலான், ஷா ஜஹான் முகப்புப் படங்கள் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள். வருஷம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் ஒட்டியிருக்கும் படத்தின் போஸ்டரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.