பழைய காரின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை மாற்றுவது: எந்த வகை பொருந்தும்?

கேள்வி

1960களில் தயாரான பிரிட்டிஷ் கார் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அடியில் 'டக்' என்ற ஓசையும், வேகம் கூடியதும் மெல்லிய அதிர்வும் வரத் தொடங்கியதால் அடியில் புகுந்து பார்த்தேன். இன்ஜினின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை, அதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுடன் இணைக்கும் ஃபிளாஞ்சில் (வட்டத் தகட்டில்) நான்கு போல்ட்டுகள் உள்ளன. மூன்றின் தலையில் மூன்று கோடுகள் இருக்கின்றன. நான்காவதன் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறது. அதன் தண்டு முழுவதும் மரை ஓடுகிறது, கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்தும் இருந்தது. நான்கையும் மாற்றப் போகிறேன். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா, கிடைப்பதிலேயே வலுவான 12.9 போடலாமா? பழைய நட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1

மூன்று கோடுகள் அங்குல அளவில் கிரேடு 5 என்ற வலுத் தரத்தைக் குறிக்கும். வலுவில் அது ஏறத்தாழ மெட்ரிக் 8.8க்கு இணையானது. ஆகவே நான்காவது போல்ட்டின் குறை வலுவில் இல்லை. உங்கள் காரில் இருப்பவை 5/16 அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான அங்குல மரை) வகை என்றால், அதில் அங்குலத்துக்கு 24 மரைகள் இருக்கும், விட்டம் 7.94 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவில் 8 மில்லிமீட்டரான எம் 8 போல்ட்டின் (உங்கள் நான்காவது அதுவாகவே இருக்கலாம்) விட்டமும் ஏறத்தாழ அதுவே என்பதால் துளைக்குள் எளிதாக நுழைந்துவிடும்; ஆனால் மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது என்பதால் அங்குல நட்டு அதில் சரியாக ஏறாது. வலிந்து ஏற்றினால் மரை சிதையும். மரைக் கேஜ் (மரையின் இடைவெளியை ஒப்பிட்டு அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

தண்டு முழுவதும் மரை இருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இன்ஜினின் திருப்புவிசை ஒரு ஃபிளாஞ்சிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது, அவை ஒன்றோடொன்று இறுக அழுந்தி நிற்கும்போது பிறக்கும் உராய்வின் வழியாகவே. போல்ட் தளர்ந்து அந்த அழுத்தம் குறைந்துவிட்டால், ஃபிளாஞ்சுகள் சிறிது சிறிதாக நகர்ந்து போல்ட்டைக் கத்தரிக்கோல் போல இருபுறமிருந்தும் வெட்ட முயலும். அவை சந்திக்கும் இடத்தில் வழவழப்பான தண்டுப் பகுதி இருக்க வேண்டும். அங்கே மரை வந்தால் உலோகத்தின் தடிமனும் குறைகிறது, ஒவ்வொரு மரைப் பள்ளமும் விரிசல் தொடங்கும் இடமாகவும் ஆகிறது. எனவே வாங்கும்போது தண்டின் நீளத்தைத் தவறாமல் அளந்து வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் வேண்டாம். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கல் இழுவை அழுத்தத்திலேயே நிலையாக நீளத் தொடங்கிவிடும், 8.8 ஏறத்தாழ 640 வரை தாங்கும்.

மறுமொழி 2

அப்படியானால் 12.9 போடுவதில் என்ன தவறு? வலு கூடினால் பாதுகாப்பும் கூடத்தானே செய்யும்?

மறுமொழி 3

கூடுவதில்லை, நண்பரே. கூடுதல் வலு பயன்பட வேண்டுமானால் அதற்கேற்பக் கூடுதலாக இறுக்க வேண்டும். பழைய ஃபிளாஞ்சும் நட்டும் அந்த இறுக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மேலும், மிகக் கடினமான போல்ட்டுகளுக்குத் துத்தநாக மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடும். தயாரிப்பாளர் குறித்த கிரேடே போதும்.

டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பானர்) பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் கொடுக்கும் திருப்புவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நிறுத்தும் விசையாகிறது. மீதியைத் தலையடியிலும் மரையிலும் உள்ள உராய்வு விழுங்கிவிடுகிறது. கையேட்டில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கானது என்றால், எண்ணெய் தடவி அதே அளவுக்கு முறுக்கும்போது போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நைலான் வளையமுள்ள நட்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்; புகைக்குழாய்க்கு மிக அருகில் இருந்தால் முழு உலோகப் பூட்டு நட்டு நல்லது. சுருள் வாஷரை நம்ப வேண்டாம்: குறுக்குவாட்டு அதிர்வில் இணைப்புகள் எப்படித் தளர்கின்றன என்பதை 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் விளக்கிய பிறகு, அவர் முறைப்படி செய்த சோதனைகளில் அது தளர்வைத் தடுப்பதில்லை என்றே தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று ஷாஃப்ட்டைக் கழற்றினேன். இரு ஃபிளாஞ்சுகளும் சந்திக்கும் முகங்களில் தடித்த கறுப்பு பெயின்ட் பூசப்பட்டிருக்கிறது. எம் 8 போல்ட் இருந்த துளை, வெர்னியரில் அளந்தபோது, ஒரு திசையில் சற்று நீண்டிருந்தது.

மறுமொழி 1

தளர்ந்ததற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பெயின்ட்தான். அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கித் தேயும்போது, எவ்வளவு சரியாக முறுக்கிய போல்ட்டும் இறுக்கத்தை இழந்துவிடும். வெற்று உலோகம் தெரியும் வரை சுரண்டி எடுத்துவிடுங்கள். துளை நீண்ட ஃபிளாஞ்சை மாற்றுவதே முறை. பெரிய போல்ட்டுக்காகத் துளையை அகலப்படுத்தினால் ஷாஃப்ட்டின் சமநிலை கெடும், நேர் கியரில் அது இன்ஜினுக்கு ஈடான வேகத்தில் சுழல்கிறது அல்லவா? மீண்டும் பொருத்தும்போது பழைய நிலையிலேயே வருமாறு இரு பக்கமும் அடையாளம் இட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உடனே கவனிக்க வேண்டிய ஒன்று: ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது கியரில் விட்டாலும் கார் நிற்காது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் செல்லுங்கள்.