அந்த 500 பேர் கணக்கு: தரமணி ரயிலுக்கு என் பதில்

கேளம்பாக்கம் கணக்கு | இரவு 9.12

நேத்து இன்னொரு இழையில தரமணி ரயில்ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதினதை அப்படியே போடறேன்: "சர்வீஸ் கம்பெனியில பத்து வருஷம் குப்பை கொட்டறதும் ஸ்டார்ட்அப்ல மூணு வருஷம் இருக்கறதும் ஒண்ணு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஒரே நாள்ல 500 பேரைக் கோடீஸ்வரன் ஆக்கிச்சு. இதுக்கப்புறமும் காலையில சிறுசேரி கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கறவனைப் பாத்தா பரிதாபமா இருக்கு."

அந்த சிறுசேரி ஐ.டி. சர்வீஸ் கம்பெனி பஸ்ஸுக்கு நானும் பத்து வருஷம் நின்னிருக்கேன். அப்புறம் ரெண்டு ஸ்டார்ட்அப்ல ஆறு வருஷம். உங்க பரிதாபம் எனக்கு வேண்டாம். 500 பத்தி மட்டும் பேசுவோம்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. 2021 செப்டம்பர் 22, அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச்சந்தையில பட்டியலாச்சு. வெளியீட்டு விலை 36 டாலர், முதல் வர்த்தகம் 43.50. கம்பெனிப் பங்கு வெச்சிருந்த ஊழியர்கள்ல 500 பேருக்கு மேல கோடீஸ்வரங்க, அதுல சுமார் 70 பேர் 30 வயசுக்குக் கீழன்னு நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதமே சொன்னார். நான் மறுக்கல. சென்னையில ஆரம்பிச்ச கம்பெனி அங்க மணி அடிச்சப்போ எனக்கும் புல்லரிச்சுது. ஆனா அப்போ அங்க வேலை பார்த்தவங்க 4,000க்கு மேல. கம்பெனி ஆரம்பிச்சது 2010. ஒரே நாள் இல்ல சார், 11 வருஷம். அடுத்த வருஷமே பங்கு விலை 20 டாலருக்குக் கீழ போச்சு. அந்த 500 எந்தத் தேதி விலையில எண்ணினது?

தரமணி ரயில் | இரவு 9.31

வந்துட்டார்யா கால்குலேட்டரை எடுத்துக்கிட்டு. எந்தத் தேதியா இருந்தா என்ன? 500 பேர். சென்னையில வேற எந்த வேலையில 500 சம்பளக்காரன் கோடி பாத்திருக்கான்? என் பழைய ரூம்மேட் அதுல ஒருத்தன். வேளச்சேரியில ஒரே பாத்ரூமுக்கு நாலு பேர் வரிசையில நின்ன வீடு. இன்னைக்கு அவன் அப்பா அம்மாவுக்கு ஊர்ல வீடு கட்டிக் கொடுத்துட்டான்.

பணத்தை விடுங்க. நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில தரைத்தளம் முழுக்கத் தண்ணி, கரண்ட் இல்ல. மொட்டை மாடியில குடைக்குக் கீழ உக்காந்து, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்ல லேப்டாப்புக்கு சார்ஜ் வாங்கி, பேமென்ட் மாட்யூல்ல வந்த பிரச்சனையை நான் ஒருத்தனா சரி பண்ணேன். சிறுசேரியில இருந்திருந்தா புகார் டிக்கெட்டை அடுத்த டீமுக்குத் தள்ளிட்டுத் தூங்கியிருப்பேன்.

மூணாவது ஷிஃப்ட் | இரவு 9.48

அந்த பஸ்ல 17 வருஷமா போறவன் நான். இந்தச் சம்பளத்துல ரெண்டு தங்கச்சி கல்யாணம், நாவலூர்ல ஒரு ஃப்ளாட், அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன். எந்த மாசமும் 30ஆம் தேதி தாண்டினதில்ல. பரிதாபம்னு எழுதற முன்னாடி ஒரு தடவை யோசிச்சிருக்கலாம் தம்பி.

மொட்டை மாடியில மழையில உக்காந்ததைப் பெருமையா சொல்றீங்க. வெள்ளத்துல மாட்டினவனுக்கு மாத்து ஆள் போடக்கூட வக்கில்லாத கம்பெனி அது. எங்க டீம்ல அன்னைக்கு புனே ஆட்கள் எடுத்துக்கிட்டாங்க. எங்களை முதல்ல பத்திரமா இருக்கச் சொன்னாங்க.

தரமணி ரயில் | இரவு 9.55

அண்ணா, உங்க 17 வருஷத்துல புதுசா சேர்றவனுக்கு என்ன சம்பளம் ஏறிச்சு? நீங்க சேர்ந்தப்போ வருஷத்துக்கு மூணு, மூணரை லட்சம். இன்னைக்கும் பல இடத்துல அதே மூணரை. ஓ.எம்.ஆர்.ல, அதான் இந்த ஐ.டி. கம்பெனிங்க இருக்கற பழைய மகாபலிபுரம் ரோட்டுல, ஒரு சாப்பாடு என்ன விலை ஏறியிருக்கு? அதுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்க. அங்க 500 பேர், இங்க மூணரை லட்சம்.

கேளம்பாக்கம் கணக்கு | இரவு 10.20

மூணரை லட்சம் விஷயத்துல ரயில் சொல்றது நிஜம். அதுக்காக 500ஐத் தூண்டில்ல மாட்டிப் புதுப் பசங்க முன்னாடி ஆட்டக்கூடாது. நான் கடிச்சவன், அதனால சொல்றேன்.

பெருங்குடியில ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். சம்பளத்துல முப்பது சதவீதம் குறைச்சுக்கிட்டுச் சேர்ந்தேன். மீதிக்கு ஈசாப், அதாவது கம்பெனிப் பங்கை முன்னாடியே குறிச்ச விலைக்கு அப்புறம் வாங்கிக்கற உரிமை. கெட்டிக் காகிதத்துல லெட்டர், நீல ஃபோல்டர், கூட ஒரு சாவிக்கொத்து. என் மனைவி அதை வீட்டுப் பத்திரம் இருக்கற அதே பிளாஸ்டிக் கவர்ல வெச்சா. நாலு வருஷத்துல முழுசா கைக்கு வரும், முதல் வருஷம் முடியற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. நாலும் முடிச்சேன். 4,000 ஆப்ஷன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பங்கை 10 ரூபாய்க்கு வாங்கிக்கலாம்.

அப்புறம் ரெண்டு மாசம் சம்பளம் வரல. ராஜினாமா பேப்பர் போட்டேன். கடைசி நாள்ல எச்.ஆர். சொன்னாங்க: 90 நாளுக்குள்ள ஆப்ஷனைப் பங்கா மாத்திக்கணும், இல்லன்னா போச்சு. மாத்த 40,000 ரூபாய், கட்டிடலாம்னு நெனச்சேன். அங்கதான் வெடி. வரிக்காகப் பங்குக்கு மதிப்பு போடற மெர்ச்சன்ட் பேங்கர் போட்ட மதிப்பு பங்குக்கு 400 ரூபாய். வித்தியாசம் 390, 4,000ஆல பெருக்குங்க: 15,60,000. அது என் சம்பளத்தோட சேர்ந்த வருமானமாம். 30 சதவீதம் வரி, அந்த வரி மேல 4 சதவீதம் செஸ். 4,86,720. ஆக, விக்கவே முடியாத பங்குக்கு 5,26,720 ரூபாய் ரொக்கமா கட்டணும். ரெண்டு மாசம் சம்பளம் வராதவன்.

நான் கட்டல. என் டீம்ல ஒருத்தர் கட்டினார், வீட்டு நகையை அடகு வெச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சுக் கம்பெனியை வித்தாங்க. முதலீட்டாளர் போட்ட பணத்தை முதல்ல எடுத்துக்கணும்னு அவங்க ஒப்பந்தத்துல இருக்கு. அவங்க எடுத்ததும் மிச்சம் எதுவும் இல்ல. அவர் வெச்சிருந்த மாதிரி சாதாரணப் பங்குக்கு சைபர். அந்த நஷ்டத்தைச் சம்பளத்துக்குக் கட்டின வரியில கழிக்கவும் முடியாது, மூலதன ஆதாயம், அதாவது பங்கு, சொத்து வித்த லாபம் வந்தா மட்டும்தான் ஈடு. அவர் நகை இன்னும் மீளல.

உங்க 500ல இவரை எங்க எண்ணுவீங்க ரயில்?

தரமணி ரயில் | இரவு 10.41

வருத்தமான விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது நீங்க. உங்க நிறுவனர் மோசம்னா ஸ்டார்ட்அப்பே மோசமா? 2020 பட்ஜெட்லயே ஈசாப் வரியைத் தள்ளிப்போட வழி குடுத்துட்டாங்க, அது கூட தெரியாம இங்க வந்து பசங்களைப் பயமுறுத்தறீங்க. நீங்க தோத்தீங்கன்னு 500 பேர் ஜெயிச்சது பொய்யாயிடாது.

கேளம்பாக்கம் கணக்கு | இரவு 10.58

2020 சலுகையைப் படிச்சிட்டு வந்து பேசுங்க. வருமான வரிச் சட்டத்தோட 80-ஐஏசி பிரிவுல சான்றிதழ் வாங்கின ஸ்டார்ட்அப்புக்கு மட்டும்தான் அது. அந்த வரியை எப்போ கட்டணும்? மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 48 மாசம், இல்ல பங்கை வித்த நாள், இல்ல வேலையை விட்ட நாள், இதுல எது முதல்ல வருதோ அதுலேர்ந்து 14 நாளுக்குள்ள. வேலையை விட்ட நாள்! விட்டவனுக்கு அந்தச் சலுகையால 14 நாளுக்கு மேல அவகாசம் கிடையாது.

500, 500ன்னு மனப்பாடமா சொல்றீங்களே, 660ங்கிற எண்ணை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? 2024 நவம்பர், அதே கம்பெனி, 660 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. 500. 660.

தரமணி ரயில் | இரவு 11.06

660 உலகம் முழுக்க! சென்னையில மட்டும் இல்ல. மொத்தத்துல 13 சதவீதம். எண்ணை வெச்சு ஏமாத்தறது யாரு இப்போ?

கேளம்பாக்கம் கணக்கு | இரவு 11.09

அப்போ உங்க 500 மட்டும் சென்னை 500ஆ? அது சென்னைக்கு மட்டும்னு யார் சொன்னா?

மலைக்கோட்டை வாசல் | இரவு 11.14

நடுவுல ஒரு திருத்தம். ரெண்டு பேரும் சென்னைப் பெருமைன்னு பேசறீங்க. கிரீஷ் திருச்சிக்காரர். மாத்ருபூதம்ங்கிற பேரைப் பாத்தாலே தெரியல? எங்க தாயுமானவர் சுவாமியோட இன்னொரு பேர் அது. திருச்சியில பொறந்தவனை எடுத்து சென்னைக் கணக்குல வரவு வெச்சுக்கறதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

மூணாவது ஷிஃப்ட் | இரவு 11.19

பொறந்தது எங்கயா இருந்தா என்னங்க, கம்பெனி ஓடினது ஓ.எம்.ஆர்.ல. திருச்சியில வேலை இருந்தா உங்க ஊர்ப் பசங்க ஏன் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு அடிச்சுக்கறாங்க?

மலைக்கோட்டை வாசல் | இரவு 11.22

அந்தப் பசங்க இல்லன்னா உங்க ஓ.எம்.ஆர். வெறும் உப்பளம். ஞாபகம் வெச்சுக்கோங்க.

பட்டயக்காரி | இரவு 11.35

நான் டிப்ளமோ. பொறியியல் டிகிரி கிடையாது. ஜோஹோங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி 2005ல ஆறு பசங்களோட ஆரம்பிச்ச பள்ளி வழியா அங்க வேலைக்குப் போனவ. படிக்கறப்போவே உதவித்தொகை கொடுத்தாங்க, அதுலதான் என் தம்பி பிளஸ் டூ முடிச்சான். பங்கு, கோடி எதுவும் நான் பாக்கல. ஊரப்பாக்கத்துல வீடு இருக்கு, கடன் அடைஞ்சாச்சு. வெளியாள் முதலீடே வாங்காத கம்பெனி, அதனால முதல்ல யார் எடுத்துக்கறதுன்னு சண்டையும் இல்ல. உங்க 500 பேர் கம்பெனியை ஆரம்பிச்சவரே இங்க வேலை கத்துக்கிட்டுப் போனவர்தான். இந்த வழி உங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் ஏன் தெரிய மாட்டேங்குது?

தரமணி ரயில் | இரவு 11.40

அக்கா, அது ஸ்டார்ட்அப்பே இல்ல. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சது. நாம பேசறது ஸ்டார்ட்அப் பத்தி.

பட்டயக்காரி | இரவு 11.44

பங்குச்சந்தையில பட்டியல் போட்ட கம்பெனியை மணிக்கணக்கா ஸ்டார்ட்அப்னு பேசிட்டு இருக்கீங்க. அது உறுத்தல, நான் பேசினதும் உறுத்துதா? டிப்ளமோன்னு சொன்னதும் "அக்கா"ன்னு பாடம் நடத்தறீங்க. கணக்கு சாருக்கு இப்படிப் பாடம் எடுப்பீங்களா?

கடைசி பெஞ்ச் 24 | நள்ளிரவு 12.05

அண்ணா, அக்கா, நான் இந்த வருஷம் முடிச்சவன். ரெண்டு ஆஃபர். ஒண்ணு சிறுசேரி, மூணரை லட்சம், ரெண்டு வருஷம் வேலையை விடக்கூடாதுன்னு பாண்ட். இன்னொண்ணு கந்தன்சாவடி, 12 பேர் கம்பெனி, மாசம் 22,000, கூட ஈசாப். நாளை மறுநாளுக்குள்ள சொல்லணும். அப்பா ஆட்டோ ஓட்டறார். எதை எடுக்கட்டும்?

பட்டயக்காரி | நள்ளிரவு 12.11

தம்பி, கந்தன்சாவடிக்காரங்ககிட்ட நாலு கேள்வி மெயில்ல கேளு. மொத்தப் பங்குல உன் பங்கு எத்தனை சதவீதம்? வேலையை விட்டா எத்தனை நாளுக்குள்ள மாத்தணும்? கையில இருக்கற பணம் எத்தனை மாசச் சம்பளத்துக்கு வரும்? பி.எஃப். உண்டா? வாயால சொன்னா ஏத்துக்காத.

தரமணி ரயில் | நள்ளிரவு 12.14

கந்தன்சாவடி எடு. 22 வயசுல எடுக்காத ரிஸ்க்கை எப்போ எடுப்ப? 12 பேர்ல ஒருத்தனா இருந்தா எல்லாத்தையும் தொடுவ. அந்த 500 பேரும் ஒரு காலத்துல உன்னை மாதிரி யோசிச்சவங்கதான்.

கேளம்பாக்கம் கணக்கு | நள்ளிரவு 12.20

திரும்ப 500! அவங்க அப்பா ஆட்டோ ஓட்டறார்னு எழுதியிருக்கான், அதுக்கு உங்க பதில் 500ஆ? சம்பளம் நின்னா அந்த வீட்டுக்கு அடுத்த மாசம் அரிசி யார் வாங்குவா? உங்க ரூம்மேட்டா?

தரமணி ரயில் | நள்ளிரவு 12.27

என் ரூம்மேட்டை இழுக்காதீங்க. நானும் ஒண்ணு இழுக்கவா? 2022ல இதே இடத்துல "எந்த ஸ்டார்ட்அப்ல ஆள் எடுக்கறாங்க, ரெஃபரல் குடுங்க"ன்னு இழை போட்டது நீங்கதானே? எனக்குத் தனிச்செய்தி கூட அனுப்பினீங்க. நான் எங்க டீம்ல கேட்டேன், அவங்க வேண்டாம்னாங்க. அந்தக் காந்தல்தான் இன்னைக்கு வரைக்கும்.

கேளம்பாக்கம் கணக்கு | நள்ளிரவு 12.33

ஆமா, கேட்டேன். சம்பளம் வராம மூணாவது மாசம் ஓடிட்டு இருந்தது, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். யார்கிட்ட வேணாலும் கேப்பேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல. நீங்க "பாத்துச் சொல்றேன்"னு எழுதிட்டு அப்புறம் பதிலே போடல. வேண்டாம்னாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது, அதுவும் ஊரைக் கூட்டி வெச்சு.

கடைசியில என்னை எடுத்துக்கிட்டது எது தெரியுமா? நீங்க பரிதாபப்பட்ட சிறுசேரி கம்பெனி. இப்பவும் காலையில 6.50க்கு அதே பஸ்.

மூணாவது ஷிஃப்ட் | நள்ளிரவு 12.36

எந்த ஸ்டாப்ல ஏறறீங்க?

தரமணி ரயில் | நள்ளிரவு 12.41

அனுதாபம் தேடறதுக்கு வேற இழை போடுங்க. 500 பேர் ஜெயிச்சாங்களா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

கேளம்பாக்கம் கணக்கு | நள்ளிரவு 12.44

எந்தத் தேதி விலையில? நான் 9.12க்குக் கேட்டது, இன்னும் பதில் வரல.