கால் புண்ணால் அவதிப்பட்டவர்கள் எழுதுங்கள்

போன சித்ரா பௌர்ணமிக்கு அப்பா திருவண்ணாமலை கிரிவலம் போனார். 14 கிலோமீட்டர், வெறுங்கால், அதுவும் கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மதியம் மூன்று மணிக்கே கிளம்பியிருக்கிறார், தார் ரோடு எப்படிக் கொதித்திருக்கும் பாருங்கள். வந்த மூன்றாம் நாள் அம்மா வீடு துடைக்கும்போது ஹாலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. குழம்பு சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டார். மறுநாளும் அதே வழியில் அதே புள்ளி. அப்புறம்தான் அப்பாவை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தோம். வலது பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, உள்ளே ஒரு பொடிக்கல்! "வலிக்கவே இல்லையே" என்கிறார். 16 வருஷமாகச் சர்க்கரை.

டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். அது வளைகிற வரைக்கும் அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் விழுமாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று பாதத்தில் நாலைந்து இடத்தில் தொட்டு, எடுத்தும் வைத்துவிட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலே "ஆரம்பிங்க டாக்டர்" என்றார்.

புண் ஆற நாலு மாதம் ஆனது, விரல் தப்பியது. மருந்தைவிட, புண்மேல் எடை விழக்கூடாது என்பதைத்தான் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது தினமும் ராத்திரி தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்சிஆர் செருப்பும் வாங்கியாயிற்று, ஆனால் அதைக் கல்யாண வீட்டுக்குப் போட்டு வரமாட்டாராம், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவன் மாதிரி இருக்கிறதாம்.

———

எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லை, யானைக்கால். கும்பகோணம் பக்கம், அம்மாவுக்கு இடது காலில் முப்பது வருஷமாக. வீக்கத்தைக்கூடச் சமாளித்துவிடுவார், அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல்தான் கொடுமை. தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து அனலாகக் கொதிக்கும், நாலு நாள் எழுந்திருக்க முடியாது. கொசுக்கடியால்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருவர் விரல் இடுக்கைப் பிரித்துக் காட்டினார், வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது, சேற்றுப்புண். கிருமி இந்த வழியாகத்தான் உள்ளே போகிறது என்றார். டப், மக், சோப்பு, துண்டு, ஒரு களிம்பு கொடுத்து, தேய்க்காமல் கழுவ வேண்டும், ஒவ்வொரு இடுக்கிலும் துண்டை ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும் என்று அவரே உட்கார்ந்து செய்து காட்டினார். அம்மாவோ பழக்கதோஷத்தில் கழுவியதும் இடுக்கில் தேங்காய் எண்ணெய் வைப்பார், அதைச் சொல்லி நல்ல திட்டு வாங்கினார். எண்ணெய் குதிகால் வெடிப்புக்குத்தானாம், இடுக்கு காய்ந்தே கிடக்க வேண்டுமாம். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை காய்ச்சலில் விழுவார். போன தீபாவளிக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, அது குறையும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

———

நான் செய்த முட்டாள்தனம்: கால் ஆணிக்கு மெடிக்கலில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன், போகவில்லை, மேலே இன்னொன்று ஒட்டினேன். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலைக் கரைக்கிற சாமான், நல்ல தோல் கெட்ட தோல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பள்ளமாகிச் சீழ் வைத்து டாக்டரிடம் போனபோது ரத்தம் எடுத்தார்கள், எனக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சுகர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாதாம், அட்டையில் பொடி எழுத்தில் போட்டும் இருக்கிறது.

———

முதலில் எழுதியவன்தான். அப்பா இந்தச் சித்ரா பௌர்ணமிக்கும் போவேன் என்கிறார். ஆட்டோவில் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அம்மா சொல்ல, அதெல்லாம் கணக்கில் வராது என்று வீட்டில் ஒரே சண்டை. சாக்ஸும் அந்தச் செருப்பும் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் பாதி தூரமாவது நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறோம். இந்த நிலையில் அப்படிப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.