தொண்டையில் தெரியும் அந்தக் குணத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் மடல்:

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். ஆலிவ் எண்ணெயின் ஆய்வக அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள உதவும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கொழுப்பிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் கொழுப்பமிலம், பெராக்சைடு எண், புறஊதா ஒளி உட்கவர்தல் என வேதியியல் பகுதி ஒருவாறு அமைந்துவிட்டது.

சிக்கல் சுவைப்புக் குழுவைப் பற்றிய பகுதியில்தான். எக்ஸ்ட்ரா விர்ஜின் என்னும் உயர்தரத் தகுதிக்கு ஆய்வக எண்கள் மட்டும் போதா. பயிற்சி பெற்ற 8 முதல் 12 பேர், ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் வைத்த எண்ணெயை, அதன் நிறம் தீர்ப்பைக் கெடுக்காதபடி வண்ணக் கண்ணாடிக் கிண்ணத்தில் முகர்ந்தும் சுவைத்தும் மதிப்பிடுகிறார்கள். அவர்கள் இட்ட மதிப்புகளின் இடைநிலையளவில் குறை சுழியமாகவும் பழமணம் சுழியத்துக்கு மேலும் இருக்க வேண்டும். நற்பண்புகள் மூன்று. முதலிரண்டுக்குப் பழமணம், கைப்பு என்று எழுதினேன். மூன்றாவது, விழுங்கியபின் தொண்டையைச் சுருக்கென்று தாக்கும் குணம். அதற்குக் ‘காரம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் மறுத்தார். அமிலத்தை அளக்கச் சேர்க்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் இரண்டாம் பக்கத்தில் ‘காரம்’ என்றே எழுதியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

தமிழாசிரியர் மறுமொழி:

அறுசுவையுள் ஒன்றாகிய கார்ப்பு இருக்கப் புதுச்சொல் எதற்கு? கைப்பை எடுத்துக்கொண்டவர் அதன் உடன்பிறப்பை விடலாகாது. இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் ‘காறல்’ உண்டு. வேகாத கிழங்கு தொண்டையில் காறுகிறது என்கிறோம். நாவில் படும் உணர்ச்சி வேறு, தொண்டையில் படும் உணர்ச்சி வேறு என்று நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

கையேட்டின் தலைப்பும் என்னை உறுத்துகிறது. எள்ளின் நெய்தான் எண்ணெய். ‘ஆலிவ் எண்ணெய்’ என்றால் ஆலிவின் எள்நெய் என்றாகிறது. நெய் என்ற சொல் பழைய இலக்கியத்தில் வித்திலிருந்து எடுத்த நெய்யையும் குறித்ததால், விவிலியத் தமிழில் வழங்கும் ‘ஒலிவ’ என்பதையும் சேர்த்து ‘ஒலிவநெய்’ என்று எழுதினால் என்ன?

வேதியியல் ஆசிரியர் மறுமொழி:

ஐயா, நெய் என்றால் இன்றைய வாசகர் பாலிலிருந்து வருவதையே நினைப்பார். எண்ணெய் என்பது பிறப்பிலிருந்து விலகிப் பொதுச்சொல் ஆகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. தலைப்பை விட்டுவிடுவோம்.

காறல் என்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். நாட்பட்ட எண்ணெயையும் காறிப்போனது என்றுதான் சொல்கிறோம். அறிக்கையில் ‘காறல் உண்டு’ என்று கண்டால், வாசகர் நல்ல எண்ணெயைக் கெட்டுப்போனதென்று கொட்டிவிடுவார். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. தொண்டையைத் தாக்குவது ஓலியோகாந்தல் என்னும் பீனால் சேர்மம். அது இபுப்ரோஃபென் மருந்தைப் போலவே தொண்டையை உறுத்துவதோடு அதைப் போலவே செயல்படவும் செய்கிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எண்ணெயிலுள்ள பீனால் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. காறிய நாற்றமோ அந்த ஆக்சிஜனேற்றத்தின் விளைவு. முதலில் பெராக்சைடுகள் உருவாகின்றன. அவற்றுக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிசமானம். பிறகு அவை சிதைந்து, நாற்றமுள்ள ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. ஆகவே பழைய எண்ணெயில் பெராக்சைடு எண் குறைந்தும் காட்டலாம். அதனால்தான் 232, 270 நானோமீட்டரில் உட்கவர்தலையும் அளந்து, 2.50, 0.22 என்னும் வரம்புகளுடன் ஒப்பிடுகிறார்கள். காவலனுக்கும் திருடனுக்கும் ஒரே பெயர் வைப்பது சரியாகுமா?

கார்ப்பு அழகான சொல்தான். ஆனால் பேச்சில் இல்லை. ‘உறைப்பு’ என்று எழுதுங்கள். இன்னொன்று: அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்னுமிடத்தில் புளிப்பு என்ற சொல் வரவேண்டாம். அந்த அமிலம் நாவுக்குத் தெரியாது; பழம் நசுங்கிக் கொழுப்பு பிளவுபட்டதைத்தான் அது சொல்கிறது. அதை அளக்கும் முறையைப் பாடநூல் வழியில் ‘தரம்பார்த்தல்’ என்று எழுதியிருந்தால் அங்கேயும் ஒரு விளக்கம் தேவை. எண்ணெயின் தரத்தையே பார்ப்பதாக வாசகர் எண்ணிவிடக்கூடும்.

தமிழாசிரியர்:

உறைப்பு நாவில் படுவது. அதோடு, பனியில் உறைந்த காயால் வரும் குறையும் சுவைப்புக் குழுவின் பட்டியலில் இருக்கிறது. உறைந்ததும் உறைப்பதும் அடுத்தடுத்து வந்தால் கண் தடுக்காதா? காறலை நற்பண்புக்கே வைத்துக்கொண்டு, கெட்டதற்குச் ‘சிக்கு நாற்றம்’ என்று எழுதலாமே.

மொழிபெயர்ப்பாளர்:

சிக்கு என்றால் என் தலைமுறையினர் தலைமுடியை நினைப்பார்கள், ஐயா. கருத்துச் சொன்னவர்களுள் பெரும்பாலோர் உறைப்பையே ஏற்றிருக்கிறார்கள். முதல் முறை வருமிடத்தில் ‘தொண்டையில் உணரும் உறைப்பு’ என்றும், பிறகு உறைப்பு என்றும் எழுதுகிறேன். கெட்டதற்குக் காறல் நாற்றம். காரம் என்பது வேதிப்பொருளுக்கு மட்டும். தரம்பார்த்தல் வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டேன். உறைந்த காய் என்பதைப் ‘பனி தாக்கிய காய்’ என்று மாற்றினேன். அது உங்கள் மடலால் கிடைத்த திருத்தம்.

தமிழாசிரியர்:

திருத்தத்தை ஏற்றதற்கு நன்றி, அம்மா. கையேடு உங்கள் விருப்பப்படியே போகட்டும். ஆனால் தொண்டைக்கென்று தனிச்சொல் இருந்தும் அதைக் கெட்ட நாற்றத்துக்கு விட்டுக்கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். என் அகராதிக் குறிப்பில் காறல் என்றே எழுதி வைக்கிறேன்.