‘பாடநடைத் தேர்ச்சி’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

ஒவ்வொரு பாடத்தின் நூலையும் படித்துப் புரிந்துகொண்டு, அப்பாடத்துக்குரிய முறையில் எழுதும் திறனைக் ‘கன்டென்ட் ஏரியா லிட்டரசி’ என்கிறார்கள். அதற்குத் ‘துறைசார் எழுத்தறிவு’, ‘பாட எழுத்தறிவு’, ‘பாடமொழித் திறன்’ ஆகிய மூன்று சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. காசிமேட்டை அடுத்த ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

‘துறைசார்’ என்ற அடையை, திமோதி ஷனஹான், சிந்தியா ஷனஹான் இருவரும் 2008-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாகப் பேசப்பட்ட ‘டிசிப்ளினரி லிட்டரசி’க்கு ஒதுக்கி வைப்பதே முறை, வரலாற்றறிஞர் ஓர் ஆவணத்தையும் வேதியியலாளர் ஒரு சமன்பாட்டையும் வாசிக்கும் தனித்த முறைகளை அது குறிக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் துறை கிடையாது, பாடம்தான் உண்டு. ‘எழுத்தறிவு’ என்றாலோ, 1990-களின் அறிவொளி இயக்கம் தொட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கையெழுத்துப் போடுவதுமே மக்கள் மனத்தில் நிற்கின்றன. ‘பாடமொழி’ மொழிப்பாடத்தோடும் பயிற்றுமொழியோடும் குழம்பும்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் என் தேர்வு விளங்கும். கருவாடு காய்வதைக் காலையிலும் மாலையிலும் டேப்லெட்டில் படம் எடுத்துவரச் செய்தேன். “தண்ணி காஞ்சிடுச்சி, டீச்சர்” என்று எல்லாக் குழந்தைகளும் சரியாகச் சொன்னார்கள். பிறகு, “வெப்பத்தால் ஆவியாதல் நிகழ்கிறது” என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். தடங்கலின்றிப் படித்த ஒரு சிறுமி, “நிகழ்கிறதுன்னா யாரு செய்யறாங்க?” என்று கேட்டாள். அவளுக்கு எழுத்தும் தெரியும், நிகழ்வும் தெரியும். வினையைப் பெயராக்கிச் செய்பவரை மறைத்துவிடும் அறிவியல் உரையின் நடைதான் பழகவில்லை. கணக்கிலும் இதே நிலைதான்: 7-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால், கழித்து 3 என்று சொல்லாமல், “அது பெருசு, இது சின்னது” என்கிறார்கள். அறிவியல் பாடத்தில் ‘வேறுபாடு’ கேட்டால் அப்படித்தானே விடை சொல்லப் பழக்கியிருக்கிறோம்!

ஆகவே ‘பாடநடை’ என்பதை முன்மொழிகிறேன். உரைநடை, செய்யுள்நடை என்ற வரிசையில் அது இயல்பாகச் சேரும். ‘அறிவியல் பாடநடை’, ‘பாடநடைப் பயிற்சி’ என்று கிளைக்கவும் இடம் தரும். முழுக் கருத்துக்குப் ‘பாடநடைத் தேர்ச்சி’ எனலாம்.

மின்கருவிகளைப் பற்றிப் பேசும்போது இச்சொல் இன்னும் தேவைப்படுகிறது. 2018 முதல் நம் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. காணொளியைப் பார்த்த குழந்தை கருத்தைப் புரிந்துகொள்கிறது, ஆனால் அதே பக்கத்தில் உள்ள பத்தியைப் படிக்காமலே கடந்துவிடுகிறது. குழந்தை தன் சொந்தச் சொற்களில் கூறிய விளக்கத்தைப் பதிவுசெய்து, அதைத் திரும்பக் கேட்டு, நூலின் வரியோடு ஒப்பிட்டுப் பின் எழுதும்போதுதான் கருவி வாசிப்புக்கு உதவுகிறது. ‘மின்வழிப் பாடநடைப் பயிற்சி’ என்று பெயரிட்டால், கருவியை எதற்காகக் கையில் எடுக்கிறோம் என்பது ஆசிரியருக்கு மறக்காது.

எனக்குள்ள ஐயம் ஒன்றே. வரைபடத்தையும் அட்டவணையையும் வாசிப்பதை ‘நடை’ தாங்குமா? செயற்கைக்கோள் படத்தில் கொசஸ்தலை ஆற்றின் வழியே விரலை நகர்த்தி எண்ணூர்க் கழிமுகத்தைக் கண்டுபிடித்த சிறுவன், நூலிலிருந்த வரைபடத்தில் நீலநிறக் கோடுதான் ஆறு என்று அறியவில்லை. அதுவும் ஒரு நடையே என்பது என் துணிபு. இலக்கணம் அறிந்தோர் இதை ஏற்பார்களா என்று அறிய விரும்புகிறேன்.