கம்பிச்சடக்கு முதலாளி கல்லறையும் நம்ம தாத்தா குழியும்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைங்க, சுங்கை சிப்புட், மலேசியா

சனி, காலை 9:12

காவியா: (படம்)

காவியா: இங்க வெள்ளி சாயங்காலம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் உள்ளுக்கு நடந்துக்கிட்டு இருந்தேன், மரக்காட்டு நடுவுல இது நிக்கிது. கோயில் மாதிரி இருக்குல்ல? கல்லறை.

சரசு அத்தை: பொழுது சாயுற நேரத்துல அங்க என்னா வேல உனக்கு? வீட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணி ஊத்து.

மணி சித்தப்பா: அக்கா, அது அமெரிக்கா. நம்ம ஊரு பேய்க்கு விசா கெடைக்காது லா 😂

பிரியா: பிள்ளைங்க படிக்கிற எடத்துல எதுக்குக் கல்லறை?

காவியா: பல்கலைக்கழகமே அந்தக் கல்லறையில இருக்குற பையனுக்காகத்தான் கட்டினது. லீலண்ட் ஸ்டான்ஃபர்ட் ஜூனியர், வீட்டுக்கு ஒரே பிள்ள. 1884ல அம்மா அப்பாவோட ஐரோப்பா போன எடத்துல, இத்தாலி ஃபுளோரன்ஸ்ல டைஃபாய்டு காய்ச்சல். 15 வயசுதான். போய்ட்டான். பல்கலைக்கழகத்தோட முழுப் பேரு இன்னிக்கும் லீலண்ட் ஸ்டான்ஃபர்ட் ஜூனியர் பல்கலைக்கழகம்தான். 1891ல திறந்தாங்க.

சரசு அத்தை: ஐயோ. பெத்தவ எப்படித் தாங்குனாளோ.

காவியா: இந்தப் பக்கம் புது பங்களா கட்டுறதா இருந்துச்சு அத்தை. அதுக்காகக் கள்ளிச்செடித் தோட்டம் கூடப் போட்டாச்சு. பையன் செத்ததும் பங்களா நின்னுபோச்சு, தோட்டத்துக்குக் கிட்டவே கருங்கல்லுல சமாதி வந்துச்சு. இப்ப உள்ள அப்பா, அம்மா, பையன், மூணு பேரும்.

காவியா: (படம்) வாசல்ல ரெண்டு சிலை பாருங்க. சிங்க உடம்பு, மனுஷத் தலை. முதல்ல பொம்பளச் சிலைதான் வெச்சாங்களாம், மார்ல துணி இல்லாம. அந்தம்மாவுக்குப் பிடிக்கல. அதுங்கள பின்பக்கம் தள்ளிட்டு, முன்னுக்கு ஆம்பளச் சிலை வெக்கச் சொல்லிட்டாங்க.

சரசு அத்தை: சரியாத்தான் செஞ்சிருக்கா.

தினேஷ்: பின்னால இன்னும் இருக்கா? படம் போடு 😂

சரசு அத்தை: டேய்.

காவியா: அந்தம்மா பேரு ஜேன். 1893ல புருஷனும் போய்ட்டாரு. சொத்து பூரா கோர்ட்டுல மாட்டிக்கிச்சு, மேல அரசாங்கம் வேற 15 மில்லியன் டாலர் கேட்டு கேஸ் போட்டுச்சு. வாத்தியாருங்களுக்குச் சம்பளம் குடுக்க வழியில்ல. கோர்ட்டு வீட்டுச் செலவுக்கு மட்டும் காசு விட்டுச்சு. அந்தம்மா என்னா செஞ்சாங்க தெரியுமா, வாத்தியாருங்கள எல்லாம் தன் வீட்டு வேலைக்காரங்கன்னு கணக்குல காட்டிச் சம்பளம் குடுத்தாங்க.

மணி சித்தப்பா: அடேங்கப்பா. நம்ம தோட்டத்துல கணக்கு எழுதுற பெரிய கிராணிக்கே இந்த மூளை வராது.

பிரியா: ஒரு டீச்சரா எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல.

காவியா: 1896ல அந்தக் கேஸ்ல ஜெயிச்சாங்க. ஆனா 1905ல ஹொனலூலு ஹோட்டல்ல செத்தாங்க. விஷம். யாரு வெச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவு இல்ல.

மணி சித்தப்பா: இவ்வளவு காசு எங்கருந்து வந்துச்சு அந்த மனுஷனுக்கு?

காவியா: கம்பிச்சடக்கு சித்தப்பா, ரயில் பாதை. கலிஃபோர்னியாவுல இருந்து கிழக்கப் பார்த்துப் போட்ட ரயில் கம்பெனிக்கு அவருதான் தலைவர். 1869ல ரெண்டு பக்கத்துச் சடக்கும் சேர்ந்தப்ப தங்க ஆணி அடிச்சது அவரு. வேல செஞ்சது பெரும்பாலும் சீனங்க, பத்தாயிரத்துக்கு மேல. மலையக் குடைஞ்சது, பனியில புதைஞ்சது எல்லாம் அவங்கதான். இதே ஆளு 1862ல கவர்னரானப்ப சீனங்க நாட்டுக்குள்ள வரவே கூடாதுங்குற மாதிரிப் பேசினவரு. பின்னால இதே பல்கலைக்கழகம் அந்தத் தொழிலாளிங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணுச்சு. அவங்க கைப்பட எழுதின ஒரு கடுதாசி கூடக் கெடைக்கல.

மணி சித்தப்பா: எங்க பெரியப்பாவும் அப்படித்தான். ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டு போனான். 415 கிலோமீட்டர் ரயில் சடக்கு, 1942ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே முடிச்சிட்டான். தோட்டத்துல இருந்து லாரியில ஏத்துனதுதான் கடைசி. குழியும் இல்ல, கடுதாசியும் இல்ல. அதனாலதான் அப்பா, செத்தா தோட்டத்துலயே பொதைங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

பிரியா: சித்தப்பா, அந்தக் குழி விஷயமே இன்னும் பேசி முடியல. தோட்டத்து புது முதலாளி வீடு கட்டப் போறாங்க, சுடுகாட்டுல பலகை நட்டு எவ்வளவு நாளாச்சு. சொந்தக்காரங்க ஆபீஸ்ல பேரு பதியணும், இல்லாட்டி அவங்களே எடம் மாத்திடுவாங்களாம்.

சரசு அத்தை: குடுக்குற காசை வாங்கிக்கிட்டு எலும்ப எடுத்துக் கடல்ல கரைச்சிடலாம். எத்தன நாளைக்கு லாலாங் புல்லு வெட்டிக்கிட்டே இருக்குறது? போன தடவ மணி கால்ல அட்டை ஏறி ரத்தம்.

மணி சித்தப்பா: அட்டைக்காக அப்பாவ எடுக்குறதா?

பிரியா: நல்ல கல்லா ஒரு சமாதி கட்டிட்டா தொடமாட்டாங்கன்னு நெனைக்கிறேன். சிமெண்ட் கட்டு மட்டும்தான் இப்ப இருக்கு.

தினேஷ்: கல்லு ஒன்னும் காப்பாத்தாது அக்கா.

மணி சித்தப்பா: உண்மை. வெள்ளக்காரத் தோட்ட முதலாளி கெல்லி துரை பத்து காஜா ஊர்ல எம்மாம் பெரிய கோட்டை கட்டினான். ஆளு 1926ல லிஸ்பன்ல செத்தான், கோட்டை பாதியோட நிக்கிது, டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. பக்கத்துல நம்மாளுங்களுக்குன்னு எழுந்த மாரியம்மன் கோயில்ல பூசை நடக்குது.

காவியா: இங்கயும் கதை கல்லுல இல்ல. பல்கலைக்கழகம் ஆரம்பிக்கிறப்பவே பத்திரத்துல எழுதிட்டாங்க, குடும்பம் குடுத்த நிலத்த விக்கவே கூடாதுன்னு. 8,000 ஏக்கருக்கு மேல. கல்லறையும் அதுக்குள்ளதான். சுத்தி உள்ள ஊர்ல நிலம் என்னா விலைக்குப் போகுது, இது மட்டும் அசையல.

தினேஷ்: அதான் விஷயம். நம்ம தோட்டம் பால்மரமா இருந்து செம்பனையாகி எத்தன கை மாறிடுச்சு. ஒவ்வொரு கிராண்டுலயும், அதான் நிலப் பட்டாவுல, சுடுகாடு தனியா இல்ல, எல்லாம் தோட்ட நிலம். துரை வாயால “பொதைச்சுக்குங்க”ன்னு சொன்னதோட சரி. முந்தின கம்பெனியும் எழுதிக் குடுக்கல.

பிரியா: நீ வக்கீல் ஆபீஸ்ல இருக்க. வழி இருக்கா, சொல்லு.

தினேஷ்: நிலச் சட்டம் 1965, 62வது பிரிவு. மாநில அரசாங்கம் கெஸட் பண்ணி ஒரு எடத்தப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கலாம். ஆனா அது அரசாங்க நிலமா இருக்கணும். அப்படின்னா கம்பெனி முதல்ல சுடுகாட்டுத் துண்டை மட்டும் பிரிச்சு அரசாங்கத்துக்குத் திருப்பிக் குடுக்கணும். சும்மா குடுக்க மாட்டாங்க. ஆனா வீடு கட்ட அனுமதி கேக்குறப்ப அவங்களுக்கும் அரசாங்கத்துகிட்ட காரியம் ஆகணும்ல. நாம மனு போட வேண்டியது அந்த நேரத்துலதான், கட்டி முடிச்ச பெறகு இல்ல.

சரசு அத்தை: நம்ம ஒரு குடும்பம் போய் நின்னா கேப்பானா?

தினேஷ்: கேக்க மாட்டான். அங்க பொதைச்ச எல்லாக் குடும்பமும் கையெழுத்து போடணும். முக்கியமா யாரும் அந்தக் காசை வாங்கிக் கையெழுத்து வெக்காதீங்க. வெச்சா நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி.

மணி சித்தப்பா: கேட்டியா அக்கா?

சரசு அத்தை: நான் இன்னும் வாங்கல லா. ஃபாரம் மட்டும்தான் எடுத்தேன்.

மணி சித்தப்பா: கிழிச்சுப் போடு.

பிரியா: பாட்டி பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்றாங்க: “அந்த மேட்டுல யாரு யாரு எங்க படுத்திருக்கான்னு எனக்குத் தெரியும். தண்டல் வீட்டுக் கெழவில இருந்து வரிசையா சொல்றேன், எவனாச்சும் எழுதிக்குங்க.”

தினேஷ்: அதுதான் வேணும்! பிரியாக்கா, இன்னிக்கே எழுத ஆரம்பிங்க. யாரு, எந்த லயத்து வீட்டு வரிசை, பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க, எல்லாம். செவ்வாய்க்கிழமை நெல ஆபீஸ் போறோம். ஐசி அடையாள அட்டை, தாத்தாவோட மரணப் பத்திரம் ரெண்டும் வேணும். பத்திரம் யாருகிட்ட இருக்கு?

சரசு அத்தை: என்கிட்டதான். லேமினேட் போட்டு வெச்சிருக்கேன்.

தினேஷ்: குடுத்து விடுங்க அத்தை, நான் வந்து எடுத்துக்கிறேன்.

சரசு அத்தை: யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். நானே வர்றேன். மணி, வண்டியில எனக்கு முன் சீட்டு.